முதல் பீஸ்

ஜூன் 3, திங்கள்

டைரி என்று பெருமைக்குச் சொல்கிறேன். உண்மையில் இது புல் டெஸ்ட் நோட்டு, வயரை இழுத்துப் பார்த்துப் பலம் எழுதுகிற நோட்டு. போன வருடத்தில் மிச்சமாகிக் குப்பைக்குப் போகவிருந்ததை ஸ்டோரிலிருந்து நான் தத்தெடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு போட்டு நான்கு கட்டம்: தேதி, பீஸ், இழுத்த பலம், முடிவு. என் வாழ்க்கைக்கு இது போதும். ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம் கொடுத்தார்கள். அதில் பாதி காலி.

பெயர் சுபிக்‌ஷா. வயது பதினெட்டு. ஊர் ஆரணி. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனியில் டிரெயினி. சுபிட்சம் பெயரோடு சரி, ஹாஸ்டல் தட்டில் தினமும் சேமியா.

வேலை ரொம்ப அறிவுபூர்வமானது. வயர் முனையில் மிஷின் ஒரு பித்தளை மூக்குத்தியை நசுக்கி மாட்டும். ஷிப்ட் ஆரம்பத்தில் வருகிற முதல் பீஸை நான் ஒரு கருவியில் மாட்டி, அறுந்து போகும்வரை இழுப்பேன். எத்தனை கிலோவில் அறுந்தது என்று எழுதுவேன். லைன் லீடர் எழிலக்கா கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் லைன் ஓடும். அந்த முதல் பீஸ் எவ்வளவு நன்றாகத் தாங்கியிருந்தாலும் சிவப்பு டப்பாவுக்குத்தான்.

"பாவம்க்கா, பாஸான பீஸைத் தூக்கி குப்பையில போடுறோம்" என்றேன்.

"மொதல்ல பொறந்தவளுக்கு எப்பவும் அதான்டி. அவ தாங்குறாளான்னு பாத்துட்டு மத்ததுங்கள அனுப்புவாங்க." எழிலக்கா வீட்டில் நான்கு பெண்களில் மூத்தவர். முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. பெரியம்மா மகளோடு வாலாஜாபாத்தில் வாடகைக்கு இருக்கிறார்.

இன்றைய சாதனை: 'விபத்தில்லா நாட்கள் 212' என்று எழுதியிருந்த போர்டில் முன்னால் இருந்த இரண்டு எண்களை அழித்தேன். வெறும் 2. பிளான்ட் மேனேஜர், "முந்தாநாள் யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஹெல்மெட்கூட இல்லாமல் ஓடி வந்தார். எழிலக்கா, "ஃபேன் காத்துல அழிஞ்சிருக்கும் சார்" என்றார். அப்புறம் என் காதைத் திருகினார்.

ஜூன் 5

பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நான் தினமும் துண்டு போடுவதை எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். எனக்குக் காற்று வேண்டும், அவ்வளவுதான். ஜன்னலோரம் இந்து உட்காருவாள். காற்று அவளைத் தாண்டி எனக்கு வரும்.

இந்து என் ரூம்மேட். செஞ்சிக்காரி. தேங்காய் எண்ணெயில் வெந்தயம் போட்டுக் காய்ச்சித் தேய்க்கிறாள். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கட்டம் காலியாக இருந்தது.

ஜூன் 10

நோட்டீஸ் போர்டில் வானவில். வெள்ளிக்கிழமை பிரைட் டேயாம், பெருமை நாள். "ஃபிரைடேல பிரைட் டே. மத்தியானம் ஃபிரைடு ரைஸும் போட்டா முழுசாயிடும்" என்றேன். லைனே சிரித்தது.

ஹெச்.ஆர். நிவேதிதா மேடம் ஒவ்வொரு லைனாக வந்து விளக்கினார். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநங்கை, திருநம்பி, யாராயிருந்தாலும் இங்கே தலைநிமிர்ந்து வேலை பார்க்கலாம். வெளிநாட்டுத் தலைமை ஆபீஸிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார். ஐடி கார்டு கயிறு எல்லோருக்கும் ஏழு வண்ணத்தில் மாறும். ஆதரவு தருகிறவர்களுக்கு 'அல்லை' என்று ஒரு பேட்ஜ். இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான் 'அல்லி' என்று படித்து, "மேடம், தாமரை பேட்ஜ் எப்ப வரும்?" என்று கேட்டேன். மேடமே சிரித்துவிட்டார்.

எழிலக்கா மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை இரண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், துணிக்கடையில் முந்தானையைப் பார்ப்பதுபோல.

ஜூன் 14, வெள்ளி

கேன்டீனில் பலூன். பெரியவர் வந்தார். வெயிலில் தக்காளி மாதிரி ஆகிவிட்டார், பாவம். பேசினார். மேடம் மொழிபெயர்த்தார். பிறகு ஒரு டப்பா. பெயர் எழுதாமல் யாரும் என்ன வேண்டுமானாலும் கேட்டுச் சீட்டுப் போடலாம்.

விட முடியுமா இந்த வாய்ப்பை? இந்த நோட்டிலிருந்து ஒரு மூலையைக் கிழித்தேன். இடது கையால் எழுதினேன்: "என் கூட இருப்பவளும் ஒரு பெண். அவளுக்கும் கம்பெனி மெடிக்கல் கார்டு கிடைக்குமா?"

சத்தியமாக விளையாட்டுதான். டிரெயினிகளுக்கு அந்தக் கார்டே கிடையாது. இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மற்ற சீட்டெல்லாம் 'சாம்பாரில் உப்பு', 'பஸ் லேட்' ரகம். என்னுடையதையும் மேடம் படித்தார். பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். சிரிப்பு. இந்து என் தோளில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கை மட்டும் ஈரமாக இருந்தது. பலூன் பிடித்த கை, வியர்க்கத்தான் செய்யும்.

பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று பதில் சொன்னார். மேடம் தமிழில் சொன்னார்: "கிடைக்கும். நீங்க யாரைக் குடும்பம்னு சொல்றீங்களோ, அவங்கதான் இந்தக் கம்பெனிக்கும் குடும்பம். தைரியமா ஃபாரம் கொடுங்க."

கைதட்டல். முதலில் தட்டியது எழிலக்கா.

ஜூன் 15

சீட்டு எழுதியது நான்தான் என்று இந்துவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். அதனால்தான் சொல்லவில்லை.

ஜூன் 19

டீ நேரத்தில் எழிலக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மறுபடி போர்டு விவகாரம் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டு போனேன். கையில் ஒரு ஃபாரம் வைத்திருந்தார். கார்டில் குடும்பத்தாரைச் சேர்க்கிற ஃபாரம்.

"இங்கிலீஷ்ல இருக்கு. நீ ஃபில்லப் பண்ணிக் குடுடி. வேற யார்கிட்டயும் கேக்க முடியாது."

பெயர்: ஸ்டெல்லா மேரி. வயது முப்பத்து மூன்று. உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. "பெரியம்மா பொண்ணுன்னு போடவாக்கா?"

அக்கா டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரியம்மா பொண்ணு இல்ல. எனக்குப் பெரியம்மாவே இல்ல. பத்து வருஷமா ஒண்ணா இருக்கோம். வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்றதுக்கு ஒரு பெரியம்மாவை நாங்களே பெத்துக்கிட்டோம்."

பேனா மூடியை மாட்டி மறுபடி கழற்றினேன்.

"ஸ்டெல்லாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி. ஆபரேஷன் பண்ணணும்னுட்டாங்க. கார்டு இருந்தா நல்ல ஆஸ்பத்திரில பாக்கலாம். ஆனா அதுக்காக மட்டும் இல்லடி." டீ கப்பைக் கசக்கினார். "அன்னிக்கு யாரோ ஒருத்தி சீட்டு எழுதிக் கேட்டாளே. சின்னப் பொண்ணாத்தான் இருக்கும். சுத்தி அத்தினி பேரு சிரிக்கும்போது அவ எங்கியோ உக்காந்துனு இருந்திருப்பா இல்ல? நான் இத்தினி வயசுக்கு வாயத் தொறந்ததில்ல. நான் குடுத்தா, அவளுக்கு நாளைக்கு லேசா இருக்கும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான்தான்க்கா, சும்மா விளையாட்டுக்கு என்று. சொல்லியிருந்தால் அக்கா ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்திருப்பார். எனக்கோ வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கொடுத்தால் என்ன ஆகும் என்று.

"குடுத்துப் பாருங்கக்கா. பெரியவரே சொல்லிட்டாரே" என்றேன்.

உறவு: பார்ட்னர். என் கையெழுத்தில், வலது கையால்.

ஜூன் 20

ஃபாரம் கொடுத்தாயிற்று. ஹெச்.ஆரில் சந்துரு சார் வாங்கி, மேலும் கீழும் பார்த்து, "ஓகே மேடம், சூப்பர் மேடம்" என்றாராம். அக்கா எல்லோருக்கும் கேன்டீனில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "வெயில் கொறஞ்சிருக்கு இல்ல" என்றார். வெளியே நாற்பது டிகிரி.

ஜூன் 24

இன்று முதல் பீஸ் நல்ல பலம். அக்கா கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பூ வரைந்தார். ஆடிட்டில் மாட்டினால் பூவுக்குக் காரணம் கேட்பார்கள்.

ஜூன் 28, வெள்ளி

இதை நான் யோசித்திருக்க வேண்டும். லைன் லீடர்களும் யோசித்திருக்க வேண்டும், வருடா வருடம் பார்க்கிறவர்கள்தானே.

ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் மெடிக்கல் கார்டு லிஸ்டை கேன்டீன் வாசலில் ஒட்டுவார்கள். 'பெயரில் பிழையிருந்தால் இரண்டு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.' குடும்பத்தில் யார் யார், என்ன வயது, என்ன உறவு, எல்லாம் பெரிய எழுத்தில். சந்துரு சாரின் கம்ப்யூட்டரில் உறவுக்குக் கணவர், மனைவி, மகன், மகள், தாய், தந்தை இவ்வளவுதான் உண்டு. பார்ட்னர் கிடையாது. யாரிடமும் கேட்காமல் அவர் இருப்பதில் ஒன்றைத் தட்டிவிட்டார்.

'எழிலரசி த. — ஸ்டெல்லா மேரி, பெண், 33 — கணவர்.'

பத்தரை மணி டீக்குள் முந்நூறு பேர் போட்டோ எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அது ஸ்டேட்டஸில் ஓடியது. பேக்கிங் செக்‌ஷன் பையன் ஒருவன், "எழிலக்கா, மாமா நல்லா இருக்காரா?" என்று கத்தினான். அக்கா லைனில் நின்று வயரை எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணி முடித்த கட்டைப் பிரித்து மறுபடி எண்ணினார்.

அந்த லிஸ்டைக் கிழிக்க நான் போனேன். வாசலில் கூட்டம். என் கை காகிதத்தின் ஓரம்வரை போனது. பின்னாலிருந்து யாரோ, "ஏய், இவ ஏன் கிழிக்கிறா? இவளும் அந்த லிஸ்டா?" என்றார்கள். கையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டேன். "ஸ்பெல்லிங் பாத்தேன்" என்றேன். சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

ஜூன் 29

பஸ்ஸில் எழிலக்கா பக்கத்து சீட் காலி. நின்றுகொண்டு வந்தவர்கள் ஒன்பது பேர்.

நான் இந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். துண்டு போட்டிருந்தேனே.

"எத்தினி தடவ எந்தோளுல கைய வெச்சிருக்காங்க, நெனச்சா ஒரு மாதிரி இருக்குடி" என்றாள் இந்து. "எங்கம்மாகிட்ட சொன்னேன். அவங்க ஹெச்.ஆருக்கே போன் போட்டுப் பேசிட்டாங்க. நல்லவேளை, நம்ம ரூம்ல அந்த மாதிரி யாரும் இல்ல."

"இருந்தா உனக்குத் தெரியாமலா போவும்?" என்றேன்.

"அதானே" என்று சிரித்தாள். அவளுக்கு முன்னால் நான் சிரித்து முடித்துவிட்டேன். இன்று காற்று வரவில்லை.

ஜூலை 1

லிஸ்டை எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் ஆனபின்.

நிவேதிதா மேடம் அழுதேவிட்டாராம். அக்காதான் தண்ணீர் கொடுத்தாராம். கம்பெனி அக்கா பக்கம்தான், சந்தேகமே வேண்டாம் என்றாராம். ஹாஸ்டல் பெண்களின் பெற்றோர்கள் பதினோரு பேர் போன் செய்துவிட்டதால், 'சூடு தணியும் வரை' அக்கா ஸ்டோருக்குப் போகிறார். அங்கே பெண்கள் கிடையாது. ஸ்டோரில் ஏ.சி. இருக்கிறது என்பதையும் மேடம் சொன்னாராம். சூடு தணிய.

ஜூலை 4

எனக்குச் சான்றிதழ் வந்தது. 'இம்மாத அல்லை.' ஃபாரம் எழுத உதவினேன் அல்லவா, அதற்கு. மேடம் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "ஸ்மைல்" என்றார் போட்டோக்காரர். எனக்கா சொல்லித் தர வேண்டும்.

இந்து கேட்டாள், "நீயாடி எழுதிக் குடுத்த?"

"இங்கிலீஷ் தெரியும்னு குடுத்தாங்க. என்ன ஏதுன்னு எனக்கென்ன தெரியும்?"

ஜூலை 9

இன்ஷூரன்ஸ் பதில் வந்துவிட்டது. 'கணவர்' என்ற இடத்தில் பெண் இருப்பதால் நிராகரிப்பு. பாலிசி விதியில் இடமில்லை, அடுத்த வருடம் பேசிப் பார்க்கலாம் என்று மேடம் சொன்னாராம். இன்ஷூரன்ஸ் என்றால் 'இன்னும் ஷூர் இல்ல' என்று இப்போதுதான் விரித்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல்முறையாக ஒரு ஜோக்கை நானே வைத்துக்கொண்டேன்.

ஜூலை 11

வாலாஜாபாத்தில் அந்தத் தெருவிலேயே நம் பிளான்ட் ஆள் ஒருவர் இருக்கிறார். விஷயம் வீட்டுக்காரம்மா காதுக்குப் போய், காலி செய்ய மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார். பெரியம்மா மகள் என்றிருந்தவரை ஸ்டெல்லாவிடம் தினமும் மீன்குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர்.

ஜூலை 21, ஞாயிறு

காஞ்சிபுரம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்துவிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன்.

வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். ஸ்டெல்லாக்கா ஒரு ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். கருத்த நிறம், பெரிய கண். பக்கத்தில் நின்ற எழிலக்கா என் பெயரைச் சொன்னதும், "போர்டை அழிச்சவதானே நீ?" என்றார். "தெனம் ராத்திரி சோத்தோட உன் கதையும் வரும் எங்க வீட்டுக்கு."

ஜன்னல் கம்பியிலிருந்து கட்டில் கம்பிக்கு ஒரு கயிறு கட்டி, அதில் துண்டும் பாவாடையும் காயப்போட்டிருந்தார்கள். ஏழு வண்ணக் கயிறு. எழிலக்காவின் ஐடி கயிறேதான். நான் அதைப் பார்ப்பதை ஸ்டெல்லாக்கா பார்த்துவிட்டார்.

"நல்ல கெட்டிக் கயிறு. உங்க கம்பெனிலேர்ந்து எங்களுக்கு வந்ததுல இது ஒண்ணுதான் பாரம் தாங்குது."

எழிலக்கா, "சும்மா இரு ஸ்டெல்லா" என்றார்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? வேணாம் வேணாம்னு தலையில அடிச்சுக்கினேன். எவளோ ஒருத்தி சீட்டு எழுதிட்டாளாம், அவளுக்குத் தொணையா நிக்கிறேன்னு இவ போய் நின்னா. வீடு போச்சு, பேரு போச்சு. அந்த மவராசி எங்க? ஒரு எட்டு வந்து எட்டிப் பாத்தாளா?"

நான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை உரித்து வைத்துவிட்டு இன்னொன்றை உரித்தேன். மூன்றாவதையும் உரித்தேன்.

"போதும்டி. யாரு தின்றது?" என்று எழிலக்கா என் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தார்.

ஜூலை 22

பல் வலி இன்னும் இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

எழிலக்கா வேலையை விட்டுவிட்டார். திருப்பூரில் ஸ்டெல்லாக்காவுக்குத் தெரிந்த தையல் யூனிட்டாம். மேடம் கடைசியாக ஒரு உதவி கேட்டாராம்: அடுத்த வருட பிரைட் டே வீடியோவுக்கு இரண்டு நிமிடம் பேச முடியுமா என்று. அக்கா, "எந்த உறவுல போடுவீங்க மேடம்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாராம்.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போகையில் ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார். இந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ போய் எடத்தப் புடி" என்று அவளை அனுப்பிவிட்டு நான் போனேன். இரண்டு மாதத்தில் நான் செய்த ஒரே வீரச்செயல் இது. அதற்கும் முன்னால் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன்.

அக்கா பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். விரல் அளவு.

"அந்தச் சீட்டு. அன்னிக்கே மேடம்கிட்ட கேட்டு வாங்கி வெச்சிக்கினேன். சாமிப் படத்துக்குப் பின்னால இருந்துச்சு. வீடு காலி பண்றப்ப கெடச்சுது." என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "எழுதுன பொண்ணு யாருன்னு உனக்குத் தெரிஞ்சா குடுத்துடு."

"சரிக்கா."

"இப்போதிக்கு ஃபாரம் எதுவும் குடுக்க வேணாம்னு சொல்லு. மொதப் பீஸ் பாஸாவலன்னு சொல்லு."

"சரிக்கா."

"எம்மேல வருத்தம் இல்லன்னும் சொல்லு. ஸ்டெல்லாவுக்கு இருக்கு. அது போவ நாளாவும்."

நான் தலையாட்டினேன். ஹார்ன் அடித்தது. "போடி, எடம் போயிடும்" என்றார் அக்கா. என் காதைத் திருகுவார் என்று நினைத்துத் தலையைச் சாய்த்தேன். கை தூக்கினார். பஸ் ஜன்னலெல்லாம் முகங்களாக இருந்தது. கையை இறக்கிக்கொண்டார்.

ஜூலை 29, திங்கள்

புது லைன் லீடர் சரவணபவன் சார். பெயருக்கு ஏற்ப ஒரு ஜோக் இருக்கிறது. சாம்பார் வரை போகும். சொல்லவில்லை.

முதல் பீஸை மாட்டி இழுத்தேன். அறுந்தது. எழுதினேன். சிவப்பு டப்பாவில் போட்டேன். சார் கையெழுத்துப் போட்டார், பூ இல்லாமல். லைன் ஓடியது.

சீட்டை இந்தப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் சிவப்புக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் 'இழுத்த ப' என்று பாதி அச்சு. ஜூன் பதினாலாம் தேதிப் பக்கத்தின் கிழிந்த மூலையில் வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது. பிளான்ட்டில் இதே மாதிரி நோட்டில் தினமும் எழுதுவது நான். தினமும் கையெழுத்துப் போட்டது அக்கா. ஆனால் அவர் கவனித்திருக்க மாட்டார். ஃபாரம் எழுத என்னைக் கூப்பிட்டது என் இங்கிலீஷுக்காகத்தான்.

இந்து எட்டிப் பார்த்து, "என்னடி அது சீட்டு?" என்றாள்.

"கீழ கெடந்துச்சு" என்றேன். "யார் எழுதுனதுன்னு தெரியல."